வாரண்டி அட்டையை முழுக்கப் படித்தவர்

புதுப் போன் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? பெட்டியைப் பிரிப்போம், போனை எடுப்போம், மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிப்போம். அடியில் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவோம். ஸ்ரீரங்கம் நல்லதம்பி அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுத்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. நாலு வயதிலிருந்து அவருக்குக் கண் தெரியாது. நாற்பது வயது வரைக்கும், பிரெய்ல் புத்தகங்களைத் தவிர, அவர் கைக்கு வந்த காகிதமெல்லாம் வெறும் காகிதம்தான். கேமராவைக் காட்டினால் எழுத்தைப் படித்துச் சொல்லும் போன் வந்ததோ இல்லையோ, மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது. மாத்திரை அட்டை, சாம்பார்ப் பொடி பாக்கெட், கல்யாணப் பத்திரிகையின் அடியில் வரிசை கட்டி நிற்கும் முப்பது பெயர்கள், எதையும் விடுவதில்லை.

"வேணி, இந்தப் பொடியில கொத்தமல்லி நாப்பது சதவீதம் போட்டிருக்கானாம்."

"பாக்கெட்டப் படிச்சா குழம்பு வராது. குடுங்க இப்படி" என்று மனைவி வேணி பிடுங்கிக்கொண்டு போவாள்.

புதுப் போனின் வாரண்டி அட்டையை, பழைய போனை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். பதினான்கு ஷரத்துகள். திருச்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எந்த அதிகாரிக்கு எந்த எண் என்பது மொத்தமும் தலைக்குள்தான் இருந்தது. பதினான்கு ஷரத்து அந்தத் தலைக்கு ஒரு பொருட்டே இல்லை. வேணியை உட்காரவைத்து ஒப்பித்தும் காட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். வேறு வழி?

போன் நல்ல போன்தான். அதில் கம்பெனி ஏற்றி அனுப்பியிருந்த விளம்பரங்கள்தான் சனியன். கண் தெரிந்தவர்கள் விளம்பரத்தை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். நல்லதம்பிக்குத் திரையில் இருப்பதைப் போன் வாசித்துக் காட்ட வேண்டும். அது விளம்பரத்தை முதலிலிருந்து கடைசி வரை, பாட்டு வாத்தியார் மாதிரி ஒரு எழுத்து விடாமல் வாசித்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னால், "ஐந்தே நிமிடத்தில் தனிநபர் கடன்" என்றது. அது முடிவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. திருவானைக்காவலில் ஒரு துக்க வீட்டில், எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில், சட்டைப் பையிலிருந்து "வாழ்த்துக்கள்! உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது" என்று கூவியது. அன்றைக்கு வெளியே வந்த வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றே முடிவு செய்தார். கம்பெனியின் மென்பொருளையே துடைத்து எறிந்துவிட்டு, விளம்பரம் இல்லாத வேறொன்றைப் போட வேண்டும். அதற்கு பூட்லோடரைத் திறக்க வேண்டும். போனை ஆன் செய்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் விழித்துக்கொண்டு, 'உள்ளே இருப்பது கம்பெனி சரக்குதானா?' என்று பார்த்துவிட்டு வழிவிடும் காவல்காரன் அது. திறப்பதற்கான அனுமதியைக் கம்பெனியின் இணையதளமே கொடுக்கிறது. விண்ணப்பித்து ஏழு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். பேசும் கம்ப்யூட்டரில் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கடைசிக் கட்டத்தில் போன் 'திறக்கவா, வேண்டாமா?' என்று திரையில் மட்டும் கேட்கும். அந்த இடத்தில் அது ஊமை. இவரைப் போன்ற வேறு சிலர் முன்பே செய்து பார்த்து, எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்துவது என்று இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எண்ணி அழுத்தினார். போனில் இருந்த அத்தனையும் அழிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, புது மென்பொருள் ஏறி, போன் பேசியது. விளம்பரம் இல்லை. பேங்க் ஆப் மட்டும் "இந்த போனில் வேலை செய்ய மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டது. போகட்டும், பேங்க் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவர் வாழ்க்கையில் செய்த கெட்டிக்காரத்தனங்களில் அதுதான் முதல் வரிசை என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை அவர் கவனிக்கவில்லை. தன் காதுக்குத் தப்பி எதுவும் நடந்துவிடாது என்பது அவருடைய கர்வம். திறந்த போனை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி நேரம் திரையில் ஒரு எச்சரிக்கை வந்துபோனது. சத்தம் போடாமல் வந்தது, சத்தம் போடாமல் போனது. வேணி அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில் ஏதோ கம்பெனி பெயர் போடுகிறான் என்று விட்டுவிட்டாள்.

எட்டாம் மாசம் சார்ஜ் ஏறும் துளை ஆட்டம் கண்டது. வயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். வாரண்டி இன்னும் நாலு மாசம் இருந்தது. மன்னார்புரத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு இருவரும் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் யமுனா. தன்மையான குரல். பில்லைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், எழுதிக்கொண்டே கேட்டாள்.

"சாஃப்ட்வேர் எதுவும் மாத்தலையே சார்?"

உண்மையைச் சொன்னால் கவுண்டரில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயம். எப்படியும் கண்டுபிடிக்க முடியாது என்று தைரியம். இரண்டும் சேர்ந்து, நாற்பத்தேழு வருஷத்தில் அவர் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்லவைத்தன.

"எனக்கு எங்கம்மா அதெல்லாம் தெரியும்? கண்ணு தெரியாதவன்."

பக்கத்தில் வேணியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

யமுனா போனை ஆன் செய்தாள். "சார், இது அன்லாக் பண்ணின போனுன்னு வருது. இதை நம்ப முடியாதுன்னு திரையிலயே போடுது. இப்படி இருந்தா வாரண்டி கிடையாது சார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க. வெளிய எந்தக் கடையில குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் பரிதாபப்பட்டதுதான் தாங்கவில்லை. அத்தனை சாமர்த்தியத்தையும் யாரோ ஒரு திருட்டுக் கடைக்காரன் கணக்கில் எழுதிவிட்டாள். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ் காவிரிப் பாலம் ஏறி, ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தபோது வேணி கோபமாகப் பேச ஆரம்பித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொன்னீங்க? எங்கப்பா கைத்தாங்கலாப் பிடிச்சாரு. நான் பாவம்னு பொண்ணு குடுக்கறதா இருந்தா வேணாங்கன்னு சொன்னீங்க. அதுக்குத்தான் நான் சரின்னேன். இன்னைக்கு ஒரு சார்ஜர் ஓட்டைக்காக அந்தப் பாவத்தையே எடுத்து விட்டுட்டு வரீங்களே!"

"பயந்துட்டேன் வேணி."

"எதுக்குப் பயம்? ரெண்டு நாள் என்னை உக்கார வச்சு அந்த அட்டையை ஒப்பிச்சீங்களே, அதுல என்ன இருக்கு? மாத்தினா வாரண்டி போயிடும்னா இருக்கு?"

நல்லதம்பி மனசுக்குள் ஷரத்துகளை ஓட்டிப் பார்த்தார். ஒன்பதாவதில் வந்து நின்றார். அனுமதியில்லாத மாற்றங்களால் ஏற்படும் பழுதுகளுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. அவ்வளவுதான் இருந்தது. மாற்றினாலே எல்லாம் போச்சு என்று இல்லை. மாற்றத்தால் வந்த பழுதாக இருக்க வேண்டும். மென்பொருளை மாற்றினால் துளையில் இருக்கும் கம்பி ஏன் ஆடப்போகிறது? எட்டு மாசமாக மனப்பாடமாக வைத்திருந்ததை, வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டு, வேண்டாததை எடுத்துப் பேசியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டார். முன் சீட்காரர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனார். வேணி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். கவுண்டரில் அவர் முறை வந்தது.

"மேடம், நேத்து நான் சொன்னது பொய். என்னை யாரும் ஏமாத்தல. அந்தப் போனைத் திறந்தது நான்தான்."

"நீங்களா சார்?"

"நானேதான். உங்க கம்பெனிகிட்ட அனுமதி கேட்டு, ஏழு நாள் காத்திருந்து பண்ணேன்." ஏன் செய்தார் என்பதையும் சொன்னார். துக்க வீட்டுக் கதையைச் சொன்னபோது வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யமுனாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு வேறு, ரூல் வேறு.

"எனக்குப் புரியுது சார். ஆனா அன்லாக் இருந்தா எடுக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்லியிருக்காங்க."

"உங்க அட்டையில அப்படி இல்லியேம்மா. ஒம்பதாவது ஷரத்து." சொல்லிவிட்டு, அதை ஆங்கிலத்தில் அப்படியே ஒப்பித்தார். கமா எங்கே வருகிறது என்பதையும் சேர்த்து.

யமுனா ஷெல்ஃபிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பிரிக்கும் சத்தம் கேட்டது. காகிதத்தை விரிக்கும் சத்தம். பிறகு விரல் வரி வரியாகத் தாளில் நகரும் சத்தம். ஒன்பது வருஷமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, தினமும் இத்தனை பேரிடம் வாரண்டி உண்டு, வாரண்டி இல்லை என்று சொன்னவள், அந்த அட்டையை முழுசாகப் படிப்பது அதுதான் முதல் தடவை. அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நீங்களும் நானும் படித்தோமா?

"தாஜுதீன் சார், கொஞ்சம் வரீங்களா?" என்று மேனேஜரைக் கூப்பிட்டாள்.

தாஜுதீன் வந்து, படித்து, தாடையைச் சொறிந்தார். சொறியும் சத்தம் நல்லதம்பிக்குக் கேட்டது. "அட்டையில இருக்கறது சரிதாங்க. ஆனா நானா முடிவெடுத்தா என் சீட்டு கிழிஞ்சிரும். டெக்னீஷியன் தொறந்து பாக்கட்டும். கம்பி தானா லூஸாகியிருந்தா அப்படியே எழுதிச் சென்னைக்கு அனுப்பறேன். அங்க என்ன சொல்றாங்களோ அதான்."

"அனுப்புங்க சார். ஆனா சாஃப்ட்வேரை மாத்தினது இவர்தான்னும் அதுலயே எழுதிடுங்க" என்றாள் யமுனா. "மறைச்சு எழுதினா நாளைக்கு அதை வச்சே தட்டிவிட்ருவாங்க சார். எல்லாத்தையும் சொல்லிட்டுக் கேப்போம்."

பழைய போன் முன்பே உயிரை விட்டிருந்ததால், நாலு நாள் போன் இல்லாமல் இருந்தார். மேஜைக்கு வந்த சர்க்குலர் மறுபடி வெறும் காகிதமானது. இரத்த அழுத்த மாத்திரைக்கும் வாயு மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாமல், வேணி அங்கன்வாடி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார். சென்னை மறுத்துவிட்டால் இன்னொரு போனுக்கு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். பொய்யையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாவப்பட்ட மனுஷன் என்று ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பார்களோ என்றும் ஒருமுறை தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அலுவலக எண்ணுக்கு அழைப்பு வந்தது. எடுத்தது நல்லதம்பிதான், வரும் அழைப்பையெல்லாம் எடுக்கும் வேலைதானே.

"சார், யமுனா பேசறேன். ஓகே பண்ணிட்டாங்க. துளைய மாத்தியாச்சு, வாரண்டியிலயே. சாஃப்ட்வேர்ல ஏதாவது வந்தா மட்டும் அது உங்க பொறுப்புன்னு எழுதியிருக்காங்க. சாயங்காலம் வாங்க."

"ரொம்ப நன்றிம்மா" என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆபீஸ் போன் அப்படி அடித்துக்கொண்டே இருந்தது அன்றுதான்.

சாயங்காலம் வேணியோடு போனார். சார்ஜர் வயர் துளையில் 'டக்'கென்று உட்கார்ந்தது. கையை எடுத்தாலும் போன் "சார்ஜ் ஏறுகிறது" என்றது. கையெழுத்துப் போட்டாயிற்று. வேணி கிளம்பலாம் என்று தோளைத் தொட்டாள். அதற்குள் அடுத்த ஆள் கவுண்டருக்கு வந்துவிட்டார். லால்குடிப் பக்கத்து விவசாயி போலிருக்கிறது, டிராக்டர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"திரையில பச்சைக் கோடு விழுந்திருச்சுங்க. முன்னாடியே சொல்லிடறேன், எங்க மச்சான் உள்ள என்னமோ அன்லாக் பண்ணி வேற சாஃப்ட்வேரு போட்டு வச்சிருக்கான். தேறாதுன்னு தெரியும். சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நல்லதம்பி நின்றுவிட்டார்.

"அதனாலதான் கோடு விழுந்துச்சான்னு பாக்கணுமுல்ல" என்றாள் யமுனா. "போனைக் குடுத்துட்டு உக்காருங்க. பாத்துச் சொல்றேன்."

"போலாமா?" என்றாள் வேணி.

"இரு" என்று சொல்லிவிட்டு, நல்லதம்பி நாற்காலியைத் தடவிப் பார்த்து அந்த விவசாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, பொட்டியோட ஒரு காகிதம் வந்திருக்குமே, வீட்டுல வச்சிருக்கீங்களா?"