தம்பி இருபதடிக்குள் வந்தால்

நான் எட்டாம் வகுப்பு தாண்டாதவன். வால்வு ரேடியோ தொடங்கி இன்றைய செல்போன் வரை தென்காசியில் என் கை படாத போர்டு இல்லை. என் தம்பி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். அக்கா மகள் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டாரிடம் என்னை ஈயம் பத்தவைக்கிறவன் என்றான். இலையைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

அக்கா கடையம் ஊரிலிருந்து வந்து என் ரிப்பேர் கடையில் நின்று திட்டினாள். "ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்காம இருக்கதுக்கு ஒரு மிஷின் செய்யேம்ல" என்றாள். கிண்டல்தான். நான் செய்தே காட்டினேன்.

தீப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகள். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு நொடிக்கு ஒருமுறை விழித்து, ரேடியோவில் ஜோடிக்குக் குரல் கொடுத்துவிட்டு உறங்கிவிடும். அதனால் பொத்தான் செல் ஒரு வருஷம் நிற்கும். ஜோடி இருபதடிக்குள் வந்தால் அதிரும். பீப் சத்தம் வைக்கவில்லை. சீசனில் நாங்கள் இருவரும் குளிக்கப் போகும் ஐந்தருவி இரைச்சலில் அது யார் காதில் விழும்? ஈர உடம்புகளுக்கு நடுவே சிக்னல் செத்துவிடும் என்று அருவிக்கரையில் நின்றே இருபதடியை அளந்து சரிசெய்தேன். எந்த வாத்தியாரும் இதைச் செய்திருக்க மாட்டான். அதிர்ந்தால் பிறகு வந்தவன் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். ஆளுக்கொன்றை அரைஞாணில் கட்டிக்கொண்டோம்.

அந்தச் சீசன் தொடங்கியும் என்னால் ஒருநாள்கூட அருவியில் குளிக்க முடியவில்லை. தலையில் எண்ணெயோடு போய் வண்டியை நிறுத்தினால் அங்கேயே அதிரும். அருவி எங்கே, வண்டி நிற்கும் இடம் எங்கே? நாலாம் நாள் புரிந்தது. வீச்சைக் கூட்ட உள்ளே ஒரு சின்னத் திருகு வைத்திருந்தேன். தம்பி தன் பெட்டியைத் திறந்து அதை முழுக்கத் திருகிவிட்டான். அவன் குரல் அவ்வளவு தூரம் வந்து என் பெட்டியை அதிரவைக்கும். அவன் பெட்டி சும்மா கிடக்கும். எனக்கு முன்னே போய்விட்ட அவன் ஆனந்தமாகக் குளிப்பான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வீச்சைக் கூட்டினால் செல் சீக்கிரம் தீரும். காத்திருந்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, கடைக்கு வந்தான். சுவரைப் பார்த்துப் பேசினான்.

"பெட்டி வேலை செய்ய மாட்டேங்கு."

"திருகத் தொட்டது யாரு?"

பெட்டியை மேஜையில் வைத்தான்.

"புதுச் செல்லு நானே போட்டுக்கிடுதேன், குடுங்க" என்றான்.

நான் கொடுக்கவில்லை. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, செல்லை மாற்றி, மூடியைச் சுற்றிலும் பசை ஊற்றி அடைத்தேன். காயும்வரை அவனை நிறுத்தி வைத்தேன்.

"இனிமே ஒடச்சாத்தான் தெறக்கும்லே. செல்லு தீந்தா எங்கிட்டதான் வரணும்."

மறுநாள் விடிந்ததும் ஐந்தருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை; பிறகு வந்தவன் அவன். அதிர்வு அடங்கியது.