முட்டை தொங்கிய ஞாயிற்றுக்கிழமை

சில வருடங்களுக்கு முன், சீனப் பெருநாள் முடிந்து கடைகளில் மிச்ச ஆரஞ்சுப் பெட்டிகளை மலிவாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருண் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. எல்லாம் புரிந்த பிறகு, புரியாமலே இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது.

எங்களுக்கு ஒட்டினாற்போல் இரண்டு தரை வீடுகள். ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம், பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். நான் அப்போது தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பக்கத்து வீட்டுக்கு எப்போதும் தொழிற்சாலை ஆட்கள்தான் வருவார்கள். அந்த வருடம் வந்தது ஒரு இளம் தம்பதி, மாசிடோனியாக்காரர்கள். புது இயந்திரம் பொருத்தி ஓடவைக்க அந்தப் பையனை இரண்டு வருடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஆப்பிரிக்காவில் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். ஜொகூரில் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் போனில் தேடிப் பார்த்து, கிரீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நாடு என்றாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரி. முதலில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். நான் "அக்கா" சொல்லிக்கொடுத்தேன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டது என் தொழிற்சாலை ஆங்கிலத்திலும் அவளுக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையிலும்தான். எனக்குப் புரிந்ததையே இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர்கள் ஊர்ப் பண்டிகைகள் ஒவ்வொன்றும் என்னைக் குழப்பத்தான் வந்தன. ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் முடித்து இரண்டு வாரம் போன பிறகு இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டிலேயே சுட்ட வட்ட ரொட்டியில் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தாள். கடித்தால் பல்லில் நறுக்கென்று ஏதோ பட்டது. பார்த்தால் காசு. பிசையும்போது விழுந்துவிட்டது போல என்று கழுவி எடுத்துப்போய், இனிமேல் மாவைக் கவனமாகப் பிசையச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வேண்டுமென்றேதான் ஒரு காசை உள்ளே வைப்பார்களாம். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருடம் நல்லது நடக்குமாம். "திருப்பிக் கொடுக்கக் கூடாது அக்கா" என்று என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

இன்னொரு நாள் தண்ணீர்ப் பண்டிகை என்றார்கள். ஆறோ கடலோ வேண்டும் என்றதால் என் வீட்டுக்காரர் வேனில் கோத்தா கோலா மூடா கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். அவர்கள் ஊரில் சாமியார் ஒரு மரச் சிலுவையைத் தண்ணீரில் போடுவார், ஆண்பிள்ளைகள் பனிக்குளிரில் குதித்து அதை எடுக்கப் போட்டி போடுவார்களாம். இங்கே சாமியாரும் இல்லை, குளிரும் இல்லை. அவள் சிலுவையை வீச, அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தான். தூரத்தில் போன மீன்பிடிப் படகுக்காரர்கள் ஆள் விழுந்துவிட்டான் என்று படகைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது.

அதெல்லாம் சிரித்துப் பேசுகிற குழப்பம். இனிமேல் சொல்லப் போவது அப்படி இல்லை.

எங்களிடம் மணி என்று ஒரு நாய் இருந்தது. பதினோரு வயது. காது கேட்காது, வெயிலுக்கு எங்கேயாவது நிழல் தேடிப் படுத்தபடியே இருக்கும். மகள் படிக்கப் போன பிறகு வீட்டில் என் பேச்சுத் துணை அதுதான். ஒரு திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மணியைக் காணவில்லை. கார் நிறுத்தும் இடம் கழுவி ஈரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல், "எவனோ காடில அடிச்சிட்டுப் போய்ட்டான். பின்னால பொதச்சிட்டேன். நீ பாக்க வேணாம்லா" என்றார். நான் பார்த்துத் தாங்கமாட்டேன் என்று அவரே எல்லாம் செய்துவிட்டார் என்று அந்த அழுகையிலும் அவர்மேல் எனக்கு நன்றியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கேட்டருகே அந்தப் பெண்ணும் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். யார்? எங்கள் சந்தில் வெளியாள் கார் அதிகம் வராது. அந்தப் பெண்ணோ அப்போதுதான் கம்பெனி காரை எடுத்து ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் எல்லாம் சாலைக்கு வலது பக்கம் ஓட்டுவார்களாம், இங்கே இடது பக்கம். முந்தின வாரம்தான் என் குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளியிருந்தாள். நினைப்பு அங்கே போகும், சே, இருக்காது என்று நானே இழுத்துக்கொண்டு வருவேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிறு. காலை ஒன்பது மணி இருக்கும். அவள் நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். பையைக் கீழே வைத்தாள். என் வலது கையை எடுத்துக் குனிந்து முத்தமிட்டாள். "என்னை மன்னியுங்கள் அக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும். நான் செய்தது எதுவாக இருந்தாலும்."

"மணிக்குமா?" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஆமாம் அக்கா. மணிக்கும்தான்."

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பையை எடுத்து அவள் கையிலேயே திணித்தேன். மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் உடனே போய்விடவில்லை. நான் இன்னும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லவேண்டியது பாக்கி இருப்பதுபோல் கேட்டருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். உள்ளே நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து பின்பக்கம் போனார்.

அதோடு விட்டேனா, அதுவும் இல்லை. சந்தில் மூன்று வீட்டுக்குப் போய், மணியை அடித்தது அவள்தான், அவளே வாயால் ஒத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லச் சொல்ல மனசு ஆறுகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பு செய்தவள், அடித்தேன் என்று ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

சாயங்காலம் ஆறரை மணிக்குத் துணி எடுக்க முன்வாசலுக்கு வந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அந்தப் பக்கம் பார்த்தால், அந்தப் பையன் சப்பாத்திக் கட்டையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கட்டையிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது. நூல் முனையில் உரித்த அவித்த முட்டை. அவன் ஆட்ட ஆட்ட முட்டை இப்படியும் அப்படியும் போகிறது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து அதைக் கவ்வப் பார்க்கிறாள். கண் வீங்கிச் சிவந்திருக்கிறது, ஆனாலும் எட்டி எட்டிக் கவ்வுகிறாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. சுவர் ஓரமாகப் போய், என் நாயைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, உங்களுக்கு விளையாட்டு கேட்கிறதா என்று கத்தினேன்.

பையன் கட்டையை மெல்லக் கீழே இறக்கினான். அவனுக்கும் கோபம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் நிதானமாகப் பேசினான். நாளைக்கு அவர்களுடைய பெரிய நோன்பு தொடங்குகிறது. ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் கடைசியாக முட்டையால் வாயை மூடுவார்கள், ஈஸ்டர் அன்று முட்டையால்தான் திறப்பார்கள். நோன்புக்கு முந்தின இந்த ஞாயிற்றுக்குப் பெயரே மன்னிப்பு நாள். சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் பழம் கொண்டுபோய், கையை முத்தமிட்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். குறிப்பாக ஒரு தப்பு செய்திருக்க வேண்டும் என்று இல்லை. தெரிந்தோ தெரியாமலோ மனம் நோகச் செய்திருந்தால் என்று பொதுவாகக் கேட்பது.

"எங்கள் அம்மா அப்பா இங்கே இல்லை. இந்த ஊரில் எங்களுக்குப் பெரியவர் அக்காதான் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்" என்றான்.

ஆனாலும் நான் விடவில்லை. அப்படியென்றால் மணிக்கும்தான் என்று ஏன் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன்.

"அன்றைக்கு அது கத்தினது எனக்குக் கேட்டது அக்கா. கையெல்லாம் மாவு. அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். உடனே போயிருக்க வேண்டும்" என்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டுக்கு முன்னால். வேன் கிளம்பின..." என்றவள் சட்டென்று நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"அந்தப் புள்ளய ஒண்ணும் கேக்காத. நான்தான்" என்றார்.

மத்தியானப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேனைப் பின்னால் எடுத்திருக்கிறார். மணி அடியில் படுத்திருந்திருக்கிறது. "அதுக்குத்தான் காது கேக்காதுல்ல. நானும் பாக்கல" என்றார்.

"சொல்லியிருக்கலாமுல்ல."

"சொல்லத்தான் நெனச்சேன். நீ அழுதத பாத்து வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் தள்ளிப் போயிருச்சி."

"சரி. காலைல அந்தப் புள்ளய நான் வெரட்டுனப்ப? அப்பவும் சும்மாதான ஒக்காந்திருந்தீங்க?"

நாங்கள் தமிழில் பேசியது அவர்களுக்குப் புரிந்திருக்காது, ஆனால் நடந்தது புரிந்துவிட்டது. மணிக்காக அழுவதா, அவர்மேல் கோபப்படுவதா, அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் சுவருக்கு மேலாக அவள் கையைப் பிடித்தேன். மன்னித்துவிடு என்றேன். ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது. நான் ஏன் அப்படிப் பேசினேன், என்ன நினைத்தேன் என்று அவள் எதையும் கேட்கவில்லை. அவள் பாஷையில் உடனே ஏதோ சொன்னாள். என்னாலும் கடவுளாலும் மன்னிக்கப்பட்டதாக இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தமாம். காலையில் கேட்டருகே நின்று என்னிடமிருந்து அவள் எதிர்பார்த்தது அந்த ஒரு பதிலைத்தான். பையன் மட்டும் அன்று என்னிடம் பேசாமல் உள்ளே போனான். அவன் பழையபடி சிரித்துப் பேச ஒரு மாதம் ஆனது. அதில் தப்பில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முந்தின நாள் போன அந்த மூன்று வீட்டுக்கும் மறுபடி போனேன். நான் சொன்னது தப்பு, அந்தப் பெண் மேல் குற்றமே இல்லை என்றேன். பிறகு யார் அடித்தது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. முந்தின நாள் மளமளவென்று வந்த பேச்சு அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. அதில் ஒரு வீட்டு ஆன்ட்டி இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "அந்த வெள்ளக்காரப் பொண்ணுதான ஒங்க நாய அடிச்சிச்சி" என்கிறார். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்ட என்னால், வீட்டுக்காரருக்கு மன்னித்தேன் என்ற அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பேன், பேசமாட்டேன். அவரும் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை, கல்யாணம் ஆனதிலிருந்து எடுத்ததும் இல்லை. நாலாம் நாள் விடியற்காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். வேனில் ஏறப் போனவர் திரும்ப இறங்கினார். முட்டிவலிக்காரர், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து வேனின் அடியில் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் அங்கேயும் குனிந்து பார்த்தார். அடியில் படுக்க எங்கள் வீட்டில் அப்போது எதுவும் இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டவர் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் வெளியே போய், "மன்னிச்சிட்டேன், போய்ட்டு வாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த மார்ச் மாத முதல் தேதியில் அவள் வந்து எங்கள் இருவர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிவிட்டாள். வசந்தம் வருவதற்காகக் கட்டுவதாம். எனக்குக் காப்புக் கட்டிய மாதிரி இருந்தது. ஒப்பந்தம் முடிகிறவரை அவர்கள் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார்கள். போன பிறகும் வருடா வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வருகிறது. நான் உடனே பதிலைச் சொல்லிவிட்டு, நானும் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் மற்றவர்கள் யாராவது மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றால், "எதுக்கு?" என்பதுதான் இப்போதும் என் வாயில் முதலில் வருகிறது, அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.