மாதா நாற்காலி

வெனேராக்காவின் வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "இது பிச்சை இல்ல, மரியாதை." முப்பது வருஷமாக எங்கள் சூசையப்பர் சபையின் சமையலறையில் இல்லாதவர்களுக்கு மதியச் சோறு போடுகிறவள். தட்டை நீட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்தே பரிமாறுவாள். சூப்பில் உப்பு குறைந்தாலும் குறையும், அது குறையாது.

மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். சிசிலியில் எங்கள் ஊரில் அன்று மூன்று ஏழைகளை அழைத்து சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று பந்தியில் உட்கார வைப்போம். அவர்கள் வாய் வைத்த பிறகுதான் ஊர் சாப்பிடும். மேயர் முதல் எல்லோரும் வரிசையில் நின்று அவர்கள் கையை முத்தமிட வேண்டும். பெரிய கௌரவம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் யாரும் லேசில் வரமாட்டார்கள். அவர்களைப் பேசிக் கரைப்பது வெனேராக்காவின் வேலை. போன வருஷம் மீன்காரர் விதவை நின்ஃபா, "அவ்வளவு மரியாதைன்னா நீயே உக்காரேன்" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். வெனேராக்கா சிரித்துக்கொண்டே அவளை மாதாவாக உட்கார வைத்துவிட்டாள்.

நான் கஸ்பாரே, ஓய்வுபெற்ற தபால்காரன். திருநாளில் நான்தான் கதவுக்காரன். பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்ததுபோல மூன்று பேரும் வந்து முதல் கதவைத் தட்டுவார்கள். உள்ளே இருந்து நான் "இங்க இடமில்ல, போங்க" என்று விரட்ட வேண்டும். இரண்டாவது கதவிலும் அதேதான். மூன்றாவது கதவு திறக்கும், அதற்குள்ளே விருந்து. பதினெட்டு வருஷமாக மாதாவை விரட்டுவதில் எனக்கு நல்ல பெயர்.

வெனேராக்கா என் பக்கத்து வீடு. தினமும் சபையில் மிஞ்சும் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, "கோழிக்கு" என்பாள். அவள் கோழிகளை நரி தூக்கிப் போய் இரண்டு வருஷமாகிறது. குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகையையும் காணோம். மனசு கேட்காமல் சபைத் தலைவி ஒர்சொலாவிடம் சொல்லிவிட்டேன். ரகசியமாக ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன். ஒர்சொலாவுக்கு ரகசியமாகச் செய்யத் தெரிந்திருந்தால் அவள் தலைவியாகவே ஆகியிருக்கமாட்டாள்.

சமையலறையில் அத்தனை பேர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது வந்து அறிவித்தாள். "வெனேராக்கா, இந்த வருஷம் மாதா நீங்கதான். இது பிச்சை இல்லக்கா, மரியாதை."

வெனேராக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மறுத்தால் முப்பது வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய். ஒத்துக்கொண்டால் அந்தக் கோழிகள் பொய். நின்ஃபா பட்டாணியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வெனேராக்கா, "நீல முக்காட்டைத் துவைச்சு வைங்க. போன தடவை மீன் நாத்தம்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திருநாளன்று முதல் கதவுக்குப் பின்னால் நின்றேன். தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"சேசு மரி சூசை. தங்க இடம் வேணும்." அவள் குரல்தான்.

அடுத்த வசனம் எனக்கு வரவில்லை. வெளியே பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. ஊரே காத்திருந்தது. கதவிடுக்கில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "சொல்லேன்டா கஸ்பாரே. நீ இல்லன்னு சொன்னாத்தானே நான் உள்ள வர முடியும்?"

இடமில்லை என்றேன். இரண்டாவது கதவிலும் சொன்னேன். அவ்வளவு மோசமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பந்தியில் ரொட்டித்தூள் தூவிய பாஸ்தாவை முதல் ஆளாக வாயில் வைத்து, உப்பு போதவில்லை என்று மேயருக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை. என் முறை வந்தது. மண்டியிட்டு அவள் கையை முத்தமிட்டேன். கை விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"யார்டா சொன்னது?"

"நான்தான்க்கா."

"நாளைக்குச் சந்தையில ரெண்டு கோழி வாங்கிட்டு வா. நான் பொய் சொன்னவளா இருக்கக் கூடாது."

அவளுக்குப் பின்னால் சூசையப்பர் படம் வேறு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் என் கதவு தட்டப்பட்டது. வெனேராக்கா கையில் இரண்டு முட்டையோடு நின்றாள். மனைவி இறந்துபோனதிலிருந்து நான் காலையில் காப்பியை மட்டும் குடித்து ஓட்டுவது ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பிடிடா. இது பிச்சை இல்ல, மரியாதை."

அந்த வாக்கியம் இவ்வளவு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முட்டையை வாங்கிக்கொண்டேன்.