டாக்டருக்கு முன்னால் ஓடும் பெட்ஷீட்

கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்ற சங்கதி இல்லை இது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கூலித்துணையாக இருப்பதும் ஒரு தொழில்தான். சொந்தக்காரன் முகம் சுளிக்கிற இடத்தில் நாம் சுளிக்காமல் நிற்கணும். நீங்களும் யாரையாவது வார்டில் படுக்கவைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள்தானே? உங்களுக்குப் புரியும்.

சுனாமிக்கு மறுவருஷம். மரக்காணத்தில் நான் வேலை பார்த்த உப்புப் பாத்தி சேறாகிக் கிடந்தது. அப்போதுதான் மளிகைக்கடை இஸ்மாயில் பாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வீட்டம்மா காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் துபாயில். "ஏழுமல மாமா, அத்தாவ நீங்கதான் பாத்துக்கணும்" என்று பெரியவன் போனில் அழுதான். நான் போய்ச் சேர்வதற்குள் பாய் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் தனியாகப் படுத்தாயிற்று.

டிக்கு

முதல் வேலையாகப் பாயைப் புரட்டினேன். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். போட்டிருந்த சட்டை அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. உப்பளத்துக்காரனுக்குப் புண் புதுசில்லை, கால் வெடிக்காதவன் எங்களில் யார்? ஆனால் நாங்கள் கரையேறியதும் நல்ல தண்ணியில் கழுவி எண்ணெய் தடவுவோம். இங்கே பத்து நாளாக அவரை யாரும் புரட்டவே இல்லை.

கட்டிலில் ஒரு அட்டை தொங்கியது. எனக்கு எழுத்து வராது, டிக்கு தெரியும். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டினா ஒரு டிக்குப்பா" என்று பாய் படித்துச் சொன்னார். காலை பத்து மணிக்கே ராத்திரி வரைக்கும் டிக்கு விழுந்திருந்தது. நர்சம்மாவிடம் கேட்டேன். பாவம், அவங்க கோபப்படக்கூட இல்லை. "சாயங்காலம் ஒரே கூட்டமா இருக்குங்க, அதான் இப்பவே போட்டுட்டேன்."

ஒரே பக்கெட்

வார்டைத் துடைக்கிற ஆயாம்மாவிடம் ஒரு பக்கெட், ஒரு மாப்பு. கக்கூஸில் தொடங்கி, அதே தண்ணியோடு கட்டில்களுக்கு நடுவே வந்து, சாப்பாட்டு வண்டி நிற்கிற இடத்தில் கொண்டுவந்து முடிப்பாள். தண்ணி கேழ்வரகுக் கூழ் நிறத்தில் இருக்கும். "ஏம்மா, இங்க ஆரம்பிச்சு கக்கூஸ்ல முடிச்சா ஆகாதா?" என்றேன். மாப்பை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பினாயில் வாசனை வருதில்ல? அப்புறம் இன்னாய்யா?"

சலுகை

பாய்க்குப் புண்ணைவிடப் பெரிய வலி, தொழ முடியாதது. நான் தினம் கழுவித் துடைத்தாலும் கட்டிலில் இருந்தது மூத்திரம் ஊறிய கிழிந்த ரெக்சின் மெத்தை. சுத்தமில்லாத இடத்தில் தொழுகை கூடாது என்பார். வீட்டிலிருந்து இரண்டு வேட்டி கொண்டுவந்து விரித்தேன். வெளித்துணி ஆகாது என்று சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். உங்க துணி எங்கே என்றால், வெளுக்கப் போயிருக்கு.

ஜன்னல் வழியே பாங்கு கேட்கும்போதெல்லாம் பாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். எழுபத்தைந்து வயசு மனுஷன், ஒரு வேளை விட்டவரில்லை. பார்க்க வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், "முடியாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்குது பாய், அப்படியே தொழலாம்" என்று தேற்றினார். பாய் திரும்பிப் பார்த்தார். "சலுகை நோயாளிக்குத்தானே ஹஜ்ரத், ஆஸ்பத்திரிக்கு இல்லியே?"

ரவுண்ட்ஸ்

வாரம் ஒருநாள் மத்தியானம் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அன்றைக்குப் பார்க்கணுமே! வெளுக்கப் போன பெட்ஷீட்டெல்லாம் பீரோவிலிருந்து வெள்ளை வெளேரென்று வந்தது. "போன வாரமும் விரிச்சாங்கப்பா, டாக்டர் அந்தாண்ட போனதும் உருவிட்டாங்க" என்ற பாய், "தண்ணி ஊத்து, ஒளு செஞ்சுக்கிறேன்" என்றார். கைகால் முகம் கழுவிவிட்டேன். நர்சம்மா புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டார்.

டாக்டர் வந்தார், "குட்" என்றார், வாசலில் நின்று எக்ஸ்ரே பார்க்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஆயாம்மா ஷீட்டை உருவத் தொடங்கினாள். கீழ் வார்டுக்கும் மாடி வார்டுக்கும் ஒரே செட்டுதான். டாக்டர் மாடி ஏறுவதற்குள் அங்கே விரித்தாகணும். அவள் பாய் கட்டிலுக்கு வரவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பாய் இரண்டு கையையும் உயர்த்தி, "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டிவிட்டார்.

அவளும் நம்ம கரைக்காரிதான். தொழுகிறவர்மேல் கை வைப்பாளா? ஷீட் மூலையைப் பிடித்தபடி நின்றாள். பாய் படுத்தபடியே தொழுது, வலதுபக்கமும் இடதுபக்கமும் திரும்பி ஸலாம் கொடுத்தார். "முடிஞ்சுதா பாய்?" என்றாள்.

"இது இன்னிக்குள்ளது தாயி. விட்டுப்போனது பதினஞ்சு நாளைக்கு இருக்குது."

மறுபடி தக்பீர் கட்டினார்.

மாடியில் ஒரு கட்டில் மட்டும் மொட்டையாக இருந்திருக்கிறது. டாக்டர் ஏன் என்று கேட்க, ஒன்றைத் தொட்டு ஒன்றாக எல்லாம் வெளியே வந்து, மனுஷன் படியிறங்கிப் பாய் கட்டிலருகே வந்து நின்றார். பின்னால் தலை குனிந்தபடி நர்சம்மாவும் ஆயாம்மாவும். பாய் கண்ணை மூடித் தொழுதுகொண்டிருந்தார்.

"இவர் எப்ப முடிப்பார்?" என்று டாக்டர் என் காதருகே கேட்டார்.

"இன்னும் பதினாலு நாள் இருக்குதுங்க."

பாய் வலதுபக்கம் டாக்டரைப் பார்த்து ஒரு ஸலாம், இடதுபக்கம் ஆயாம்மாவைப் பார்த்து ஒரு ஸலாம் கொடுத்துவிட்டு, ஷீட்டை ஒருதரம் தடவிச் சுருக்கம் நீவி, அடுத்த தொழுகைக்குக் கை உயர்த்தினார்.

பதினைந்து நாள் தொழுகையை ஒரே மூச்சில் தொழுதால்தான் ஒரு பெட்ஷீட் கட்டிலில் தங்குமென்றால், நாமும் கொஞ்சம் சாமி கும்பிடாமல் மிச்சம் வைத்துக்கொள்வது நல்லதுங்க.