கேஜில் ஏறினவன் கயிற்றைக் கேட்க மாட்டான்

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அந்தப் போர்டு இன்னும் தொங்குகிறது. வெள்ளைப் பலகை, நீல எழுத்து. டாக்டரின் பெயர், பின்னால் எம்.பி.பி.எஸ்., அதற்கும் பின்னால் எம்.டி., பொது மருத்துவம். கீழே பெங்களூர் ஆஸ்பத்திரிகள் மூன்றின் பெயரைப் போட்டு, அங்கெல்லாம் இவர் ஆலோசகர் என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கப்படும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கி ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போகிறேன். படித்ததும் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் படிக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு டாக்டரைத் தேடிப் பிடித்துப் பழக்கமில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கோலார் தங்க மைன் ஓடின காலத்தில் தொப்பி, பூட்ஸ், விளக்கு எல்லாம் கொடுத்த மாதிரி டாக்டரையும் மைன்தான் கொடுத்தது. காய்ச்சலா, மைன் ஆஸ்பத்திரி. பிள்ளைப்பேறா, மைன் ஆஸ்பத்திரி. அன்றைக்கு அங்கே நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாரோ அவர்தான் நம் டாக்டர். அவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்பது, பாதிரியாரிடம் போய் 'ஐயா, உமக்கு ஞானஸ்நானம் ஆச்சா' என்று கேட்பது மாதிரி. மைன் மூடினார்கள், ஆஸ்பத்திரியும் போனது. கேட்காத பழக்கம் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது.

அதற்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறோம். 'கேஜுல ஏறுனவன் கயித்தைக் கேக்க மாட்டான்.' கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அது ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு போகும். ஏறின பிறகு 'கயிறு தாங்குமா' என்று கேட்டால் கூட இருக்கிறவனுக்கும் உதறல் எடுக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். பெண் கொடுக்கும்போதும் இதைச் சொல்வார்கள், புது வேலைக்கு அனுப்பும்போதும் சொல்வார்கள். நாலு பேர் சொல்கிற சொல் என்றால் எனக்கு உயிர். காதில் விழுந்தால் முந்தானையில் முடிந்துகொள்வேன். பெங்களூரில் நான் தைக்கிற கடையில் இந்தச் சொல்லை எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

என் அண்ணன் மைன் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் பாறைக்குத் துளை போட்டவர். பிறகு பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். மைன் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு ஏற்றம் ஏறிப் போக வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்றுவிடுவார். "இன்னாண்ணா, மூச்சு வாங்குதா?" என்றால், "சயனைடு மேட்டைப் பாத்துக்கினு நிக்கறேன், இன்னா இப்போ? பாக்கக் கூடாதா?" என்பார். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குவிந்த மேடு, பிறந்ததிலிருந்து பார்த்தது. அதில் புதிதாக என்ன பூத்திருக்கப் போகிறது?

அண்ணிதான் அவரை அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். லைன் முழுக்க அதே பேச்சாக இருந்தது. "பெங்களூர்ல மூணு ஆஸ்பத்திரி பாக்கறவரு, நம்மளுக்காக வாராவாரம் இம்மாந்தூரம் வராரு, போங்க" என்று அனுப்பி வைத்தார்கள். மூச்சு வாங்குகிற மனிதனை மாடிப்படி ஏற வைக்கிற டாக்டர் எப்படிப்பட்ட டாக்டர் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். டாக்டர் சிரித்த முகம். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் நலம் விசாரித்துக் கன்னடத்தில் முடிப்பார். நெஞ்சில் குழாயை வைத்தார், ஆஸ்துமா என்றார், ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். அவ்வளவுதான். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லவில்லை. வேறெதுவும் கேட்கவில்லை.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது. அண்ணனுக்குப் பசி எடுத்தது. ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பி வந்தது. "மாப்ள கணக்கா ஆயிட்டாரு, சுத்திப் போடுமே" என்று பக்கத்து வீட்டுக்காரி அண்ணியிடம் சொன்னாள். அண்ணி நிஜமாகவே மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டார். அது உடம்பு தேறினதால் வந்த கன்னம் இல்லை, மாத்திரை ஊத வைத்த கன்னம். இதைச் சொல்ல எங்களுக்கு யார் இருந்தார்கள்? சொல்ல வேண்டியவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் அதே மாத்திரையை எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு கால் வீங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் மாடிப்படியிலேயே அண்ணன் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னார்: "பெங்களூர் கூட்டினு வாங்க. அங்க நான் இருக்கேன். என் பேரைச் சொல்லுங்க, போதும்." அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகிற காலை ரயிலிலேயே அண்ணனையும் ஏற்றினேன். பங்காருபேட்டையில் கூட்டம் நெருக்கியபோது, ரயிலில் எனக்குப் பழக்கமான பெண்கள் எழுந்து அவருக்கு ஜன்னலோரம் விட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று ஒருத்தி கேட்டாள். போர்டில் முதலில் இருந்த பெயரை அண்ணனே சொன்னார், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி. "நம்ம டாக்டரு அங்க கீறாரு" என்றார்.

கண்ணாடிக் கதவு, குளிர்ச்சி, பூத்தொட்டி. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் டாக்டர் பெயரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "இல்லம்மா, ஆ ஹெஸரினவரு இல்லி யாரூ இல்ல" என்றாள். அந்தப் பெயரில் அங்கே யாருமே இல்லையாம். எம்.டி. டாக்டர், ஆலோசகர், எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று போர்டையே ஒப்பித்தேன். அவள் பாவம், உள்ளே போய் வயதான நர்ஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நர்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவரா? எப்பவோ கேஷுவாலிட்டியில டூட்டி டாக்டரா கொஞ்ச நாள் இருந்தாரு. போய் ரொம்ப காலம் ஆச்சு. நீங்க யாரைப் பாக்கணும்?"

யாரைப் பார்க்க வேண்டும்! அதைச் சொல்லத்தானே அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வந்தோம்?

ஆட்டோ பிடித்து இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த இடத்தில் சோபா செட் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பையன் ஆஸ்பத்திரி எப்போதோ மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து பாருங்கள், தள்ளுபடி இருக்கிறது என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்றாவதைத் தேடிப் போக வேண்டாம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். ஆட்டோவில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார். "அவருகிட்ட சொல்லாம வேற டாக்டரைப் பாக்கறது தப்புமே. ஞாயித்துக்கிழமை வருவாரு. அவரயே கேட்டுக்கலாம்."

தப்பாம்! யார் செய்த தப்பு, யார் தலையில்!

சரி, கேட்டுவிடலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள், படியெல்லாம் ஆட்கள். உள்ளறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அண்ணனை உட்கார வைத்துவிட்டு நின்றபடியே கேட்டேன்.

"டாக்டர், நீங்க இன்னா படிச்சிக்கீறீங்க?"

திரைக்கு வெளியே இருமல்கூட நின்றுவிட்டது. டாக்டர் சிரித்தார். "ஏம்மா, போர்டுல இருக்கே."

"போர்டுல கீறத நம்பி போனோம். ஒரு ஆஸ்பத்திரில உங்களைத் தெரியல. இன்னொண்ணுல சோபா விக்கறாங்க."

அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது அதுதான். "எம்.டி. சேர்ந்தேன்மா. நடுவுல விட வேண்டியதாப் போச்சு. முடிச்ச மாதிரிதான். ஆஸ்பத்திரிங்கல்லாம் வேலை பாத்த இடங்க. ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும் இல்ல? அதுக்குத்தான் போர்டு" என்றார்.

எம்.பி.பி.எஸ். என்ன கேவலமான படிப்பா? வெறும் அந்த நாலு எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு, 'இது என் கைக்கு மீறினது, பெரிய இடத்துக்குப் போங்க' என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவரை நாங்கள் தெய்வமாகத்தான் கும்பிட்டிருப்போம். எங்களை நம்ப வைக்க இல்லாத எழுத்து எதற்கு? நாங்கள்தான் ஏற்கெனவே நம்பித் தொலைக்கிற ஜனம் ஆயிற்றே.

ஆனால் என் வயிற்றெரிச்சலில் பாதி அவர் மேல் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு எங்கள் லைன் பாட்டி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, டாக்டரைப் போய் சர்டிபிகேட் கேக்கற? நீ ஜாக்கெட் தெக்கறியே, உனுக்கு இன்னா சர்டிபிகேட் கீது?"

"நான் தப்பாத் தெச்சா பிரிச்சித் தெக்கலாம் ஆயா. இவரு தப்புப் பண்ணா எங்கண்ணனைப் பிரிச்சித் தெப்பியா?"

"வாயி கீதே, வாயி! மருந்து குடுத்த கையைக் கடிக்கிது பாரு" என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெஞ்சிலிருந்து ஒரு ஆண் குரல், "எத்தினி எழுத்து போட்டா இன்னா, ஊசி ஒண்ணுதான். நகுரும்மா, எனுக்கு பஸ்ஸு கீது" என்றது. சிரிப்பு எழுந்தது. இதற்கெல்லாம் மேலே, என் அண்ணன் எழுந்து நின்று டாக்டரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "பொம்பள, தெரியாம பேசிச்சி. மன்னிச்சிக்கோங்க சார்." மூச்சு வாங்க வாங்க, மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பெற்றுக்கொண்டார்.

படியில் இறங்கும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மானத்த வாங்கிட்ட. கேஜுல ஏறிட்டு கயித்தைக் கேக்கலாமா?" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! நடுப்படியிலேயே நின்றுவிட்டேன். "ஏண்ணா, அத்தினி வருஷம் கீழ போயி வந்தியே, அந்தக் கயித்த ஒருத்தனும் பாக்கலியா? சும்மாவா தொங்க உட்டானுங்க உங்களை?"

அவர் மீதிப் படியையும் இறங்கிப் போனார். கீழே மருந்துக் கடைப் பலகையில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தார். ஏதோ கணக்குத் தப்பினவர் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆசுவாசமானதும் சொன்னார்.

"பாப்பாங்க. கயித்தைப் பாக்கறதுக்குன்னே ஆளு. ஷிப்டுக்கு மின்னாடி காலி கேஜ் ஒருவாட்டி கீழ போயி மேல வரும். அது நல்லபடியா வந்தாத்தான் எங்களை ஏத்துவாங்க."

"அதனாலதானே நீ கேக்கல?"

"அதனாலதான் கேக்கல" என்றார். பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நாளிக்கி உன் ரயிலு எத்தினி மணிக்கி?" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் எங்கள் சந்தையைத் தோற்கடித்தது. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் டாக்டர். கன்னடம் கலந்த தமிழ். தூக்கமில்லாத கண். குழாயை எடுத்து அண்ணன் நெஞ்சுக்குக் கொண்டு வந்தாள். அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இரும்மா. கோச்சுக்காத. நீங்க இன்னா படிச்சிக்கீறீங்க?"

முந்தின நாள் ஊரையே எதிர்த்துக் கேட்ட எனக்கு, அவர் கேட்டபோது வெட்கத்தில் காது சுட்டது. பழக்கம் எங்கே போகும்! ஆனால் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

"எம்.பி.பி.எஸ். முடிச்சாச்சு. எம்.டி. பொது மருத்துவம் படிச்சிட்டு இருக்கேன் ஐயா, இன்னும் முடிக்கல. நான் பாத்து எழுதறத மேல பெரிய டாக்டர் ஒருவாட்டி பாப்பாங்க. அப்புறம்தான் மருந்து. பரவால்லியா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கயித்தைப் பாக்க ஆளு கீது" என்றார். பிறகு சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினார்.

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இருமல் எப்போது, வீக்கம் எப்போது, என்ன மாத்திரை. பிறகு, "என்ன வேலை செஞ்சீங்க?"

"மைன்ல. அண்டர்கிரவுண்டு. டிரில்லிங்."

குழாய் அப்படியே நின்றது. "கே.ஜி.எஃப்பா? இத்தனை நாள் பாத்தவர் இதைக் கேக்கலியா?"

"அவரும் கேக்கல. நாங்களும் அவரை இன்னான்னு கேக்கல" என்றார் அண்ணன்.

படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அண்ணன் நுரையீரலில் எங்கள் ஊர்ப் பாறை தூள்தூளாக உட்கார்ந்திருந்தது. ஆஸ்துமா இல்லை. தெரியாமல் தொடர்ந்த ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை ஏறியிருந்தது. அதைச் சட்டென்று நிறுத்தக்கூட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரையை இறக்கலாம், வீக்கத்தை வடிக்கலாம், மூச்சுக்கு ஒத்தாசை செய்யலாம். கல்தூளை யாராலும் எடுக்க முடியாது. ஒளிக்காமல் சொன்னார்கள். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது அவர் கன்னம் மறுபடி ஒட்டிவிட்டது. லைனில் பார்க்கிறவர்கள், நல்லா இருந்த மனிதனை நான் டாக்டர் மாற்றிக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். பாட்டி என்னைக் கண்டால் எச்சில் துப்பாத குறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிப்படியில் கூட்டம் குறையவில்லை. போன வாரமும் ஏறிக்கொண்டிருந்தார்கள், என் அண்ணனோடு ஒரே ஷிப்டில் பூமிக்குள் போய் வந்தவர்கள், ஒரு படிக்கு ஒரு தடவை நின்று நின்று. அண்ணன் கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அவரால் முடிந்த சத்தத்தில் கத்தினார்:

"டேய், காலி கேஜ் போயி வந்துச்சாடா?"

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்காமல், கம்பியைப் பிடித்தபடி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.