கை படாத செய்முறைப் பயிற்சி

1998 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெளியே ஓர் இலைகூட அசையாத புழுக்கம். அடையாறில் ஒரு கல்லூரிக் கணினி அறையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். தாவரங்கள், பாசிகளின் மரபணு வரிசைகளைக் கணினியில் ஆராய ஆய்வாளர்களுக்கு ஐந்து நாள் செய்முறைப் பயிற்சி. அன்று கடைசி நாள்.

தாவரவியல் ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அடையாறு முகத்துவாரத்துச் சேற்றில் எடுத்த ஒரு பாசியைப் புது இனம் என்று எழுதி அனுப்பியிருந்தேன். அதன் மரபணு வரிசையை உலகத்தில் ஏற்கெனவே பதிவானவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் வெளியிடுவோம் என்று ஆய்விதழ் திருப்பிவிட்டது. அதற்காகத்தான் அந்த வயதில் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் வரிசை, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள். காகிதத்தில் என் சட்டைப் பையில் இருந்தது.

முப்பது பேருக்கு ஆறு கணினிகள். முதல் நாளே ஒருங்கிணைப்பாளர் என் தோளைப் பிடித்து முன்வரிசைக் குஷன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், நீங்க எங்களுக்கெல்லாம் வாத்தியார் மாதிரி. கம்ப்யூட்டர்ல அவங்க அடிக்கட்டும், நீங்க பாருங்க."

"நான் பார்க்க வரலை. அடிக்க வந்திருக்கேன்."

"ஐயையோ, யாரை சார்?" என்றார். அறையே சிரித்தது. எனக்குக் காபி வந்தது; சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லியிருந்தாராம். விசைப்பலகை மட்டும் வரவில்லை. நான்கு நாளும் எழுந்து போய் மற்றவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், கணினிக்கு எட்டாத தூரத்தில். இளைஞன் ஒருவனை இப்படி ஒதுக்கினால் சண்டை போடுவான். மரியாதை என்ற பெயரில் கிழவனை ஒதுக்கினால் அவன் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

கடைசி நாள் பிற்பகல் அவரவர் சொந்த வரிசையை ஒப்பிட ஒதுக்கப்பட்டது. இணைய இணைப்பு இருந்தது ஒரே கணினியில். எனக்கு முன்னால் இருந்த பெண் எழுந்தாள். நான் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தேன். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார்.

"சார், சீஃப் கெஸ்ட் வந்துட்டார். மூத்த பங்கேற்பாளர்னு உங்களுக்குத்தான் முதல் பொன்னாடை."

"என் முறை இது. அரை மணி நேரம் கொடுங்க."

"அஞ்சு நிமிஷம் சார், வந்து அடிச்சுக்கலாம்."

ஆறு பேச்சுகள். ஒரு மணி ஐம்பது நிமிடம். திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சைதாப்பேட்டை பஸ் ஏறிவிட்டாராம்.

யாரிடமும் விடைபெறவில்லை. நேராகத் தி. நகர் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகப் பார்த்ததை வைத்து ஒற்றை விரலால் அடித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஏ, சி, ஜி, டின்னு நாலே எழுத்தை அடிச்சிக்கினு கீறீங்க? பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா?"

"பாசிப்பா. சேத்துல இருக்கிற பாசி."

"பாசிக்கு இம்மாம் நீளப் பேரா!"

அவர் ஒருவர்தான் அந்த வாரத்தில் என்னை எழுப்பி வேறு நாற்காலியில் உட்கார வைக்காதவர். ஏழரை மணிக்கு முடிவு வந்தது. என் வரிசையோடு முழுதாகப் பொருந்தியது எதுவுமில்லை. மிக நெருங்கியதும் பல இடங்களில் விலகியே நின்றது; என் பாசி புது இனம்தான். மூன்று தாள்களில் அச்செடுத்துக்கொண்டு மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாளே ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

பிரவுசிங் சென்டருக்கு நூறு, அச்சுக்கு முப்பது. என் கையால் நான் செய்ததற்கு ஆன செலவு அவ்வளவுதான். செய்முறைப் பயிற்சிக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, ஐந்து நாள் ஆட்டோ முந்நூற்றுப் பத்து. ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.