குதிகால் படாத தடம்

சுண்ணாம்பு அக்கா என்றால் அந்த மைதானத்தில் பயிற்சியாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். முப்பது வருடமாக ஓடுபாதைக்குக் கோடு போடுகிறவர். முளைக்குச்சி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, அதை ஒட்டியே சக்கரம் வைத்த தகரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அடியிலுள்ள துளை வழியாக வெள்ளைப் பொடி விழும். மொத்தம் எட்டுத் தடம். ஆனால் தினமும் நான்காவது தடத்தில்தான் ஆரம்பிப்பார். ஏன் என்று கேட்டால், "உங்க வேலையைப் பாருங்க" என்பார். போட்ட கோட்டை யாராவது மிதித்தால் தொலைந்தார்கள்.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். இருபது வருடமாகப் பொய் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன். பர்ஸ் தொலைந்துபோனவர்கள், ஏறும் அவசரத்தில் டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள், திடீரென்று தூங்கிப்போகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்போடுதான் என் பதினோரு வயது மகளிடம் "நடிக்காதே" என்றேன்.

வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். மூன்று வாரமாகக் குதிகால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீக்கம் இல்லை, காயம் இல்லை. காலையில் மாடிப்படியில் கடைசி மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவுவாள். சாயங்காலம் பயிற்சி முடிந்தால் நொண்டுவாள். "இதென்னடி, டைம்டேபிள் போட்ட வலியா இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். பள்ளிகளுக்கிடையேயான ஓட்டப்பந்தயத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

அன்றைக்கும் ஓட்டத்தின் நடுவில் வேலியோரம் வந்து நின்றாள். "அப்பா, இன்னைக்கு உக்காந்துக்கட்டுமா?"

"இன்னும் ரெண்டே ரவுண்டு. ஓடு."

போனாள். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "சார், கொஞ்சம் இங்க வாங்க."

கோட்டை மிதித்துவிட்டேனோ என்று பயந்துகொண்டே போனேன். ஓட்டம் முடியும் இடத்தில் அக்கா குனிந்து தரையைக் காட்டினார். பொடியில் குழந்தைகளின் ஷூ தடங்கள் நிறைய இருந்தன.

"ஓடும்போது யாருக்கும் குதிகால் சரியாப் பதியாது. ஓடி முடிச்சுட்டு நடந்து வருவாங்க பாருங்க, அப்ப பதியணும். மத்தப் பிள்ளைங்களோடது எல்லாம் முழுசா இருக்கு. இது உங்க பொண்ணோடது."

பாதத்தின் முன்பாதி மட்டும் இருந்தது. வலது, இடது, வலது, இடது, நான்கு அடியும் அப்படியே. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் கோடு கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"நீங்க பார்க்காதப்பவும் இப்படித்தான் நடக்குறா. யாரும் பார்க்காதப்ப எதுக்கு நடிக்கணும்?"

ஓடிக்கொண்டிருந்தவளைக் கையசைத்து நிறுத்தினேன்.

மறுநாள் டாக்டரம்மா, வாண்டின் குதிகாலை இரண்டு பக்கமும் விரல்களால் லேசாக அழுத்தினார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வளர்ற வயசுல குதிகால் எலும்போட பின்பக்கம் இன்னும் முழுசா கெட்டிப்பட்டிருக்காது. எலும்பு சரசரன்னு வளரும், கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம இறுகிப் போகும். ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த இளசான இடத்தைப் பிடிச்சு இழுக்கும். அதான் வலி. ஓய்வெடுத்தா குறையும், ஓடினா திரும்ப வரும்," என்றார். டைம்டேபிளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நிரந்தரமாக எந்தக் கெடுதலும் இல்லையாம். எலும்பு கெட்டியானதும் தானாகவே போய்விடுமாம். அதுவரை ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும். வலிக்காவிட்டால் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். வலிக்கும்போது துணியில் சுற்றிய ஐஸ். இரண்டு ஷூவுக்குள்ளும் குதிகாலுக்கு மெத்தென்று ஒரு அட்டை. வலி தணிந்தபின் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே வலித்தாலோ உடனே கூட்டி வரவேண்டும். "முக்கியமா, வலிக்குதுன்னு அவ சொன்னா நிறுத்திடுங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கூட வந்த என் மனைவியும் என்னைத்தான் பார்த்தாள்.

பந்தயம் போயிற்று. வாண்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு, தோழிகள் ஓடுவதையாவது பார்க்கிறேன் என்று மைதானத்துக்கு வந்து, காலில் ஐஸ் பொட்டலத்தோடு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். துணைக்கு நானும். வேலை முடிந்ததும் அக்காவும் வந்து உட்காருவார். அப்படித்தான் ஒருநாள் தன் மகளைப் பற்றிச் சொன்னார்.

"என் பொண்ணும் ஓடுவா சார். நாலாவது தடம்தான் ராசின்னு அடம் பிடிப்பா. பன்னிரண்டு வயசுல இதே வலி. அடுத்த வாரம் மாநில டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. நடிக்காதடி, ஓடுன்னேன். ஓடினா. கடைசியா வந்தா. ஷூவைக் கழட்டிக் குப்பையில போட்டா. அதோட சரி."

இப்போது மகளுக்கு முப்பத்துநான்கு வயது. தூரத்து ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். வெயில், மழை, கத்தரிக்காய் விலை எல்லாம் பேசுவாள். ஓட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

"பத்து வருஷம் கழிச்சு இங்க ஒரு பையனுக்கு டாக்டர் பார்த்தாங்க. பக்கத்துல நின்னு கேட்டேன். கொஞ்ச நாள் உக்கார வெச்சிருந்தா போதுமாம் சார், அவ்வளவுதான். எனக்கு அப்பத் தெரியாதே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லிடணும்னு நினைக்கிறேன். வாய் வர மாட்டேங்குது. அவ ஓடுறதை இன்னொரு தடவை பார்க்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. நடக்குமா, சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு காலை அந்தப் போன் வந்தபோது அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை சுண்ணாம்பு. "சார், ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சுக்கோங்க," என்றார். பிடித்துக்கொண்டேன். கத்தரிக்காய் விலை வரை வந்தார்கள். நான் பெஞ்சில் இருந்த வாண்டைக் கண்ணால் காட்டினேன். அக்கா பார்த்தார்.

"ஏம்மா... அன்னைக்கு நீ நடிக்கல. எனக்குத் தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"எந்தக் கால்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டும்தான். இடது கொஞ்சம் அதிகம்."

"நான் குதிகால்னு மட்டும்தானே சொன்னேன். இடதுன்னு சொன்னதே இல்லையே."

அக்கா சுண்ணாம்புக் கையோடு வாயைப் பொத்தினார். பிறகு எடுத்தார். "கோட்டுல பார்த்தேன் கண்ணு. இடது காலு நுனி மட்டும்தான் பதிஞ்சிருந்துச்சு. பார்த்துட்டுத்தான் ஓடச் சொன்னேன்."

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போனைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

போனிலிருந்து மகளின் குரல் வந்தது. முப்பத்துநான்கு வயதுக் குரல் மாதிரி அது இல்லை.

"அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்ப சொல்லும்மா. ஒரே ஒரு தடவை."

அக்கா நான்காவது தடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலிக்குதா கண்ணு? ஓட வேணாம். வா, வந்து அம்மா பக்கத்துல உக்காரு."